அப்பா வேடத்தை நானாகக் கேட்டு வாங்கினேன்

சப் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு. இதை நீங்கள் மட்டும் படியுங்கள். வேறு யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக என் அப்பாவிடம் காட்டாதீர்கள் என்று காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பது படித்தால் தெரியும்.

பெயர் அகிலாண்டேஸ்வரி. வயது 15. பத்தாம் வகுப்பு. தகப்பனார் சிவசைலம், வக்கீல் குமாஸ்தா. விலாசம் மடத்துத் தெரு, தென்காசி. நாள் 12-8-1963, இரவு. அப்பா வீட்டில் வைத்து வாக்குமூலங்களுக்கு நகல் எடுப்பார். அதைப் பார்த்துத்தான் இந்த முறை எனக்குத் தெரியும். எழுத்து கோணலாக இருப்பது பயத்தால், பொய்யால் அல்ல.

இன்று சாயங்காலம் போட்டோ ஸ்டுடியோ துல்கர்னைன் அவர்களை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனீர்கள். மைனர் பெண்ணாகிய என்னை அவர் ஆசை வார்த்தை கூறிக் குற்றாலத்துக்குக் கடத்திச் சென்று, தானே எழுதிய கேவலமான கதையில் நடிக்க வைத்தார் என்று அப்பா புகார் கொடுத்திருக்கிறார். புகாரின் நகலை மேஜையில் படித்தேன். நடந்தது வேறு.

துல்கர்னைனிடம் அவருடைய மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த சின்ன மூவி கேமரா இருக்கிறது. அதில் ஒரு சிரிப்புப் படம் எடுக்கலாம் என்று எங்கள் தெருவில் பேச்சு வந்தது. அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போடுவது போலவே படத்துக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டார்கள். நாற்பத்து மூன்று வீட்டிலும் கொடுத்தார்கள். அப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். கதை கேட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் எழுதிக் கொடுத்தேன், அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே கதை என்னுடையது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கதை இதுதான். பையன் பள்ளிக்கூடம் போகாமல் அருவியில் குளிக்கப் போகிறான். பிரம்போடு பிடிக்கப் போன அப்பா, தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் தானும் குளிக்கிறார். இருவரும் தண்ணீருக்குள் முட்டிக்கொள்கிறார்கள். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்து வெளியே வந்தால், பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா ஈரத் தலையோடு வருகிறாள். மூவரும் ஒரே பஸ்ஸில் தெரியாதவர்கள் போல் உட்கார்ந்து வீடு வருகிறார்கள். இதில் கேவலம் எதுவும் இல்லை.

வரி கொடுத்த வீட்டுக்கு ஒருவர் படத்தில் வந்தே ஆக வேண்டும் என்று தெருப் பெரியவர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி சொன்னார். “இது படமா, ஊர்க்கூட்டமா அண்ணாச்சி?” என்று துல்கர்னைன் கேட்டார். “வரி குடுத்தவன் மூஞ்சி விழலைன்னா அது என்னவே படம்?” என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அதன் பிறகு 14-7-1963 ஞாயிற்றுக்கிழமை, சாரல் விட்டு வெயில் அடித்தபோது, ஐந்தருவியில் எல்லோரும் கூடினார்கள். அப்பா வரவில்லை. நானும் அம்மாவும் குளிக்கப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டுப் போனோம்.

அண்ணாச்சிக்குத்தான் அப்பா வேடம். கேமரா ஓடியதும் அவர் கைகளைத் தொடையில் ஒட்டி விறைத்து நின்றார். அவரைப் பார்த்து மற்ற அத்தனை பேரும், தலையில் தண்ணீர் விழ விழ, மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். அசைந்தால் போட்டோவில் கலங்கி விழும் என்று எல்லோருக்கும் நினைப்பு. “அசையுங்கவே! இது அசையுத படம்!” என்று துல்கர்னைன் கத்தினார். அண்ணாச்சி உதட்டை அசைக்காமல், “அசைஞ்சா கெட்டுருமேப்பா” என்றார்.

அதன் பிறகு நான் முன்னால் போய், எப்படி நடக்க வேண்டும் என்று நடந்து காட்டினேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. “அந்த வேஷத்த எனக்குத் தாங்க” என்று நான்தான் கேட்டேன். துல்கர்னைன் பயந்தார். “உங்கப்பா என்னைக் கொன்னுருவாரு, வேண்டாம்மா” என்றார். அண்ணாச்சிதான், “ஏட்டி, உங்க வீட்டுத் தலைக்கட்டுக்கு இன்னும் ஆள் வரலைல்லா, நீயே நில்லு” என்றார். இன்று அதே அண்ணாச்சி, என்னை ஏதோ பையன் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு எதுவும் தெரியாதாம். வக்கீல் குமாஸ்தாவைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் தைரியம் இல்லை.

இந்த ஒரு வரியைப் பதிவில் சேர்க்காதீர்கள். கண்மையால் எனக்கு மீசை வரைந்தது என் அம்மா பாலம்மாள். வரைந்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

மெட்ராஸில் கழுவி வந்த படத்தை நேற்று தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினார்கள். வசனத்தை அண்ணாச்சி மைக்கில் வாசித்தார். வந்திருந்த பெற்றோர் எல்லோரும் தங்கள் பிள்ளைகளின் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்ததை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு என்னால் வந்தது. பிறகு திரையில், அருவித் தண்ணீரில் என் மீசை கரைந்தது. படம் பிடித்த அன்று அதை ஒருவரும் கவனிக்கவில்லை. “இது குமாஸ்தா மக! நடைகூட அவரு நடைதான்லே!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அதற்கு முன்பைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. அப்பா எழுந்து போய்விட்டார். அப்பா இதைப் புகாரில் எழுதவில்லை.

நான் அவருடைய நடையைத்தான் நடந்தேன். தினமும் பார்க்கும் நடை அது ஒன்றுதான். கேலிக்காகச் செய்யவில்லை. அவர் மனம் புண்பட்டதற்குக் குற்றவாளி நான். அதற்கான தண்டனையை எனக்குக் கொடுங்கள். துல்கர்னைனை நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிடுங்கள். அப்பா சொன்னாலும் படச் சுருளை எரிக்க வேண்டாம். அது ஒன்றுதான் இருக்கிறது.

துல்கர்னைனின் தங்கை ஜைனப் என் வகுப்பு. விடியற்காலையில் இதை அவள் உங்களிடம் கொண்டுவருவாள்.

இதில் எழுதியிருப்பது நடந்தது நடந்தபடி. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவைப் பற்றிய வரி தவிர மற்ற எல்லாவற்றையும் அப்பாவுக்கு எதிரில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்றால் தட்ட மாட்டாள். கையெழுத்துப் போடாமல் திறக்க மாட்டேன்.

சி. அகிலாண்டேஸ்வரி