பன்னிரண்டு வயதும் பத்தொன்பது நாளும்

மேடையின் நடுநாற்காலியில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, நான் என்ன உளறப்போகிறேனோ என்று இப்போதே வியர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தலைமை ஆசிரியர் அவர்களே, வழக்கறிஞர்களே, காவல் நிலையத்துத் தோழர்களே, முன்னாலேயே வந்து மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்துவிட்ட என் சக எழுத்தர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் அரசு வழக்கறிஞர் அம்மையார் காலமானார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலையில் வந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு என்னிடமிருந்து வந்த முதல் வார்த்தை, "அப்பாடா." என் மனைவி அதற்குச் சாட்சி. அன்று முழுதும் அவள் என்னிடம் பேசவில்லை. காபி மட்டும் வந்தது, சர்க்கரை இல்லாமல்.

இப்படிப்பட்டவனுக்கு அழைப்பிதழில் என்ன பட்டம் கொடுத்திருக்கிறீர்கள்? 'நாற்பத்தொரு வழக்குகளில் அம்மையாருக்குத் தோள்கொடுத்த சாட்சி.' எந்தத் தோள்? சம்மன் கொண்டுவரும் காவலரைச் சன்னலில் பார்த்தாலே ஆசிரியர்களின் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்பவன் நான். அவர் பொறுமைசாலி. வெளியே நின்று, "சார், முடிச்சிட்டு வாங்க, அவசரமில்ல" என்பார்.

நான் பள்ளிக்கூட எழுத்தர். என் வேலை சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி. அவ்வளவுதான். ஒரு பிள்ளையைச் சீரழித்தவன் கூண்டில் ஏறினால், அந்தப் பிள்ளையின் வயது என்ன என்று சொல்ல அந்தப் பதிவேட்டைச் சுமந்துகொண்டு நானும் ஏற வேண்டும்.

அம்மையாருக்கு நீதிமன்றத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. குறையாதக்கா. தட்டச்சர் முதல் தேநீர்க்காரர் வரை அப்படித்தான் சொல்வார்கள். மற்ற விஷயங்களில் அவர் பேரம் பேசாத இடமே கிடையாது. தையல்காரரிடம் பேசுவார், ஆட்டோக்காரரிடம் பேசுவார், பல் பிடுங்கப்போன இடத்தில் மருத்துவரிடமே பேசினார். ஆனால் சிறுவர்மேல் கைவைத்தவனுக்குத் தண்டனை என்று வந்தால் ஒரு நாள்கூடக் குறையாது. அந்தக் காலத்தில் எப்படியெல்லாம் குறைந்தது என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். முதல் குற்றம், குறை. வயதான தாயார், குறை. நல்ல குடும்பம், குறை. கடைசியில் மிஞ்சுவது ஒன்றரை வருஷம். அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போவதற்குள் அவன் தெருவுக்கு வந்துவிடுவான்.

குறைந்தபட்ச தண்டனையைச் சட்டத்திலேயே எழுதிவை என்று பத்து வருஷம் அலைந்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்று கையெழுத்து வாங்கினார். நான் மூன்று முறை போட்டேன், மூன்றும் வேறுவேறு மாதிரி. இதோ இருக்கும் நீதிபதி ஐயா அப்போது ஒரு கூட்டத்தில், நீதிபதியின் கையைக் கட்டிப்போடும் சட்டம் நல்ல சட்டமல்ல என்று பேசினார். அம்மையார் எழுந்து, "கட்டினாத்தான் ஐயா அந்தக் கை நடுங்காம இருக்கும்" என்றார். ஐயாவே சிரித்தார். இப்போதும் சிரிக்கிறார்.

சட்டம் வந்தது. பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளை என்றால் குறைந்தது இருபது வருஷம். எந்த நீதிபதியும் அதில் கைவைக்க முடியாது. பன்னிரண்டு நிறைந்துவிட்டால் பழையபடி அவரவர் மனசு.

அந்தச் சட்டத்தில் இந்த ஊர் நீதிமன்றத்துக்கு வந்த முதல் வழக்கு எங்கள் பள்ளிப் பிள்ளையுடையது. செய்தவன், அவள் வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த டியூஷன் வாத்தியார். அவன் செய்தது நிரூபணமாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒரே கேள்விதான்: அன்றைக்கு அவளுக்கு என்ன வயது?

என் பதிவேடு சொன்னது: பன்னிரண்டு வயதும் பத்தொன்பது நாளும்.

இனி நான் சொல்வதைத் தலைமை ஆசிரியர் அவர்கள் வேண்டுமானால் காதைப் பொத்திக்கொண்டு கேட்கலாம். எங்கள் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே தேதியில் பிறந்தநாள். பள்ளி திறக்கும் மாதத்தின் முதல் தேதி. அந்த ஒரு நாளில் இந்த ஊர் மருத்துவச்சிகள் எப்படித்தான் சமாளித்தார்களோ! காரணம் உங்களுக்கும் தெரியும். ஐந்து வயது முடிந்தால்தான் முதல் வகுப்பு. ஒரு தாய் வருவாள். வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையை விட்டுப்போக ஆளில்லை. சான்றிதழ் இல்லை, பிறந்தது வீட்டில். பிள்ளைக்கு ஐந்தாக இன்னும் ஏழு மாதம் இருக்கும். நான் பெரிய தர்மப்பிரபு போலப் பேனாவைத் திறப்பேன். "கவலைப்படாதீங்கம்மா, போட்டுடறேன்." இந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் போட்டேன். நிஜத்தில் அவளுக்குப் பதினொன்றரைகூட முழுதாக ஆகவில்லை.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, அம்மையார் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். ஒரே தேதி, ஒரே தேதி, ஒரே தேதி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"கிளார்க் சார், இது கேட்டு எழுதினதா, நீங்களா போட்டதா?"

நான் மேசைமேல் இருந்த முத்திரையைத் துடைத்தேன். நல்ல சுத்தமான முத்திரை அது.

"நாளைக்கு உண்மையைச் சொல்லிடுங்க. வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். அதுக்கு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. நீங்க சொன்னா அவனுக்கு இருபது. அதுக்கு மட்டும் வாக்குக் கொடுக்கறேன்."

மறுநாள் என்ன நடந்தது? அந்தப் பிள்ளையின் தாய் எனக்கு முன்னால் ஏறி, நான்தான் கேட்டேன், எழுத்தர்தான் மாற்றிப்போட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். எலும்பைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் என்றார். பிறகு நான் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதிவேட்டில் இருப்பது சரிதானா?

சரிதான் என்றேன். சான்றிதழைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று, யாரும் கேட்காமலேயே சேர்த்துச் சொன்னேன். பொய் சொல்வதிலும் நான் கொஞ்சம் தாராளம்.

தாய் பொய்க்காரியானாள். கட்டு அவிழ்ந்த கை எழுதியது: முதல் குற்றம், வயதான தாயார், மூன்று வருஷம். அந்தக் கை எதுவென்று நான் சொல்லப்போவதில்லை. நடுநாற்காலியில் இப்போது சிரிப்பு நின்றிருக்கிறது.

நீதிமன்றப் படியில் அந்தத் தாய் என் எதிரே வந்தாள். ஓங்கி அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். "நான் உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்கவே கூடாது சார். உங்களுக்கும் பிள்ளைங்க இருக்காங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். அறைந்திருக்கலாம்.

அவளுக்குப் பின்னால் அம்மையார் வந்தார். வழக்குக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"நீதிபதி குறைக்கக் கூடாதுன்னு பத்து வருஷம் கத்தினேன். நீங்க குறைச்சிட்டீங்களே, கிளார்க் சார்."

என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. மேல்முறையீடு செய்தார், என் பதிவேடுதான் அங்கேயும் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வழக்குக்கும் என்னையே கூப்பிட்டார். வேறு பள்ளிப் பதிவேடு என்றால்கூட, அதைப் படித்துக்காட்ட நான் வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் கூண்டில் ஏறுமுன் காதருகே அதே கேள்வி: "கேட்டு எழுதினதா, நீங்களா போட்டதா?" நாற்பத்தொரு முறை. மரணதண்டனைகூட ஒரு முறைதானே? ஊரில் இதைத் தோள்கொடுத்தல் என்கிறீர்கள். அப்பாடா என்று நான் ஏன் சொன்னேன் என்று இப்போது என் மனைவிக்கும் புரிந்திருக்கும். மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள்.

அந்த வாத்தியார் இரண்டேகால் வருஷத்தில் வந்துவிட்டான், நன்னடத்தை. என் தெருவுக்கு அடுத்த தெருவில் பலகை மாட்டியிருக்கிறான்: 'கணக்கு இனி கசக்காது.' பார்த்தால் வணக்கம் வைக்கிறான். நன்றியுள்ளவன்.

நண்பர்களே, அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று இதுவரை பேசிய ஐந்து பேரும் சூளுரைத்தார்கள். எனக்கு அவ்வளவு பெரிய வாய் கிடையாது. திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் சேர்க்கை தொடங்குகிறது. தாய்மார்கள் வருவார்கள், கெஞ்சுவார்கள். இனி என் பேனாவில் எந்தப் பிள்ளையின் வயதும் ஒரு நாள் கூடாது, ஒரு நாள் குறையாது. அவர் படத்தின் முன்னால் நின்று சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னது பொய்ச்சாட்சி என்பதையும் இதே இடத்தில் சொல்லிவிட்டேன். காவல் நிலையத்துத் தோழர்கள் வேண்டுமானால் குறித்துக்கொள்ளலாம்.

தயவுசெய்து கைதட்டாதீர்கள். நேற்று மாலை, வக்கீலாக இருக்கும் என் அக்கா மகனிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். "அதுக்குக் கேஸ் போடற கெடு போன மாசத்தோட முடிஞ்சிடுச்சு மாமா," என்றான். "தாராளமா பேசுங்க."