ஈரச் சுவரில் பதிந்த தலை

மணியைக் கையிலிருந்து கீழே வைக்காமல் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே! முடங்கிய முதுகுகளை நிமிர்த்தியே தீருவேன் என்று முழங்கி, முழங்கியபடியே முடித்தும் காட்டிய பிசியோதெரபித் தங்கையே! முன்வரிசைப் பெரியோர்களே! விடிந்தால் எங்களைப் படுக்கையிலிருந்து புரட்டிப் புரட்டியே புஜம் பெருத்துப்போன தாய்மார்களே! உட்கார்ந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்று பின்சுவரில் சாய்ந்து நிற்கும் என் முதுகுவலி இனத்துச் சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் இந்த எளிய பெயிண்டரின் வண்ண வண்ண வணக்கம்!

மைக் செட் அண்ணே, ஏன் இறக்குகிறீர்கள்? ஏற்றுங்கள்! இன்னும்... இன்னும்! சென்ற ஆண்டு இதே மேடையில் நான் என் செருப்பைப் பார்த்துப் பேசினேன். இந்த ஆண்டு கடைசி வரிசையைப் பார்த்துப் பேசுகிறேன்.

சீலிங் அடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும். யார் சிரித்தது? சரி, நான் பக்கத்தில் நின்றால் சொல்லும். அண்ணாந்து பிழைத்தவன் நான், அவையோரே! அந்த அண்ணாந்த கழுத்துக்குத்தான் வந்தது ஆபத்து. விடிந்தால் முதுகு பலகையாகக் கிடக்கும். நடமாடினால் இளகும், படுத்தால் இறுகும். முதுகெலும்பைப் பிடிக்கும் அழற்சி வாதம் என்றார் மருத்துவர் அம்மையார். மருந்தும் தந்தார், பயிற்சியும் செய் என்றார். மருந்தை விழுங்கினேன். பயிற்சியை? அதையும் விழுங்கிவிட்டேன்!

வீட்டில் என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "உழைச்சு உழைச்சு தேஞ்சு போயிட்டீங்க, பேசாம படுங்க" என்றாள். வலிக்கிறது என்றேன், ஒரு தலையணை வந்தது. முனகினேன், இன்னொன்று வந்தது. திரும்பிப் படுத்தேன், மூன்றாவதும் வந்தது! அன்பு நிறைந்த வீட்டில் தலையணைக்கா பஞ்சம்? அவள் அன்பு உயர உயர, என் தலை முன்னால் குனியக் குனிய, ஒருநாள் மேஸ்திரி சொன்னார்: "நீ இனிமே கதவு, ஜன்னலோட நிறுத்திக்கப்பா. சீலிங்குக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்." என் சீலிங்கை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள், ஐயா! அன்று பொங்கி வந்த அழுகையை அடக்கிக்கொண்டு ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்தேன்.

அப்போதுதான் இந்தத் தங்கையிடம் போய் நின்றேன். என்னைச் சுவரோரம் நிறுத்தினார். "அண்ணே, குதிகாலை ஒட்டுங்க. இடுப்பை ஒட்டுங்க. தோளை ஒட்டுங்க. இப்ப தலை?" குதிகால் ஒட்டியது, இடுப்பு ஒட்டியது, தோளும் ஒட்டியது. தலை மட்டும் ஒட்டுவேனா என்றது! சுவருக்கும் மண்டைக்கும் நடுவே தன் முஷ்டியை விட்டுப் பார்த்தார், தாராளமாகப் போனது.

"இந்த இடைவெளியை மூடணும்ணே. வீக்கத்தை மருந்து பாத்துக்கும், அசைவை நீங்கதான் பாத்துக்கணும். எந்தச் சுவரைக் கண்டாலும் நில்லுங்க."

என் மனைவி பதறினாள். "ஐயோ, இப்படி நிமித்தினா மனுஷன் உடைஞ்சுற மாட்டாரா?"

"பாத்துப் பாத்து அசைச்சா உடைய மாட்டாருக்கா. அசைக்காம விட்டாத்தான் இறுகிப் போவாரு. முதல்ல அந்தத் தலையணை மலையை இறக்குங்க!"

இறக்கினாள், பெருமக்களே! மெல்லிய ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். குப்புறப் படுத்தேன், கையை நீட்டினேன், நெஞ்சு விரிய மூச்சை இழுத்தேன், கண்ட சுவரிலெல்லாம் நின்றேன். அங்கேதான் வந்தது வினை! ஒரு வக்கீல் வீட்டுக் கூடம். தேநீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிச் சுவரோடு சுவராக நின்றேன். எந்தச் சுவர்? சற்றுமுன் நானே பெயிண்ட் அடித்த சுவர்!

வக்கீல் ஓடி வந்தார், சுவரில் பதிந்த என் தடத்தைப் பார்த்தார். "என்னய்யா இது? குதிகால் இருக்கு, இடுப்பு இருக்கு, தோள் இருக்கு. தலையைக் காணோமே!" முண்டம் என்று மேஸ்திரி என்னை அடிக்கடி திட்டுவார். அன்றுதான் அதை ஆதாரத்தோடு பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு வீம்பு பிறந்தது. அந்தத் தலையைச் சுவரில் பதிக்காமல் விடுவேனா?

அன்று முதல் எந்த வீட்டிலும் முதல் கோட் பெயிண்ட் அடித்ததும், பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஈரச் சுவரில் ஒருமுறை நிற்பேன். இரண்டாவது கோட் என் தடத்தை மூடிவிடும். மேஸ்திரி கத்தாத கத்தலா? வலி ஏறிய நாட்களில் விட்டுத் தொலைக்கலாமா என்று எனக்கே தோன்றியதுண்டு. தடம் பதியும், தலை பதியாது. மறுபடி நிற்பேன், மறுபடி பதியாது.

அம்மா, மணி அடிக்காதீர்கள்! தலை இன்னும் ஒட்டவில்லை!

ஒருநாள், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், பின்மண்டையில் சில்லென்றது. திரும்பிப் பார்க்கப் பயம். மேஸ்திரிதான் அலறினார்: "யோவ்! தலை! தலைய்யா!" பார்த்தேன். தோளுக்கு மேலே, சின்னதாக, வட்டமாக, என் தலை! திட்டிய வாயாலேயே கேட்டார்: "நாளைக்கு சீலிங் இருக்கு. வர்றியா?"

தலையைக் கழுவாமலே வீட்டுக்குப் போனேன். "என்னங்க, தலையெல்லாம் பெயிண்டு?" என்றாள் மனைவி. எந்தப் பக்கம் பார் என்றேன். "பின்னாடி..." என்றவள் நிறுத்தினாள். "பின்னாடியா?" என் மண்டையைத் தடவினாள், தன் உள்ளங்கையைப் பார்த்தாள், அழுதாள், சிரித்தாள். அந்தக் கையாலேயே என் கன்னத்தைப் பிடித்தாள், முகமும் நாசம்!

தோழர்களே, என் அளவு எல்லோருக்கும் அளவல்ல. எலும்பு ஏற்கெனவே இணைந்துவிட்டவர்களுக்குத் தங்கை வேறு பயிற்சி தருவார், கேட்டுச் செய்யுங்கள். ஆனால் செய்யுங்கள்! இப்போது முடிந்த மட்டும் எல்லோரும் மெல்ல நிமிர்ந்து பாருங்கள். பளபளக்கிறதே இந்த மண்டபத்துச் சீலிங், அடித்தது யார்? நான்தான்! நான்தான், ஐயா!

பின்சுவர்ச் சிங்கங்களே, உங்களிடம் ஒரு மன்னிப்பு. இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நீங்கள் சாய்ந்திருக்கும் சுவருக்கு முதல் கோட் அடித்தவனும் நானே. தண்ணீரில் போய்விடும், சட்டைக்குக் கவலை வேண்டாம். ஓடாதீர்கள்! திரும்பிச் சுவரைப் பாருங்கள். தலை பதிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்! அடடா, இத்தனை பேரா! பதியாதவர்கள் மேடைக்கு வாருங்கள், அடுத்த சுவரில் சேர்ந்து நிற்போம். கேட்ட காதுகளுக்கும், நிமிர்ந்த தலைகளுக்கும், நிமிரப்போகும் தலைகளுக்கும் நன்றி, வணக்கம்!