மூன்று மாடி இறங்கிய சபை

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே, ஆலயத்தை அன்போடு தாங்கி நிற்கும் மூப்பர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடி வந்திருக்கும் அன்னையரே, பத்தாண்டுப் பணிக்காக இன்று பாராட்டுப் பெறும் எங்கள் போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையிலிருந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் மாமியார் அவர்களே! அனைவருக்கும் வணக்கமும் தோத்திரமும்.

சிரிக்கிறீர்கள். மாமியாரை மேடையேறிப் புகழ வந்த மருமகனை நீங்கள் பார்த்ததே இல்லை போலும். இன்று பாருங்கள், கண்ணாரப் பாருங்கள்!

போதகரைப் பற்றிப் பேசு என்றார்கள். அதற்கு நான் என் அத்தையைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். அத்தை தையல்காரர். இதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒற்றை அறை. ஒரு பக்கம் தையல் மிஷின், மறுபக்கம் கட்டில். நம் சபையோ மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஞாயிறுதோறும் அத்தனை படியும் ஏறி வந்து முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பது அத்தைதான். அந்தக் குரல் கேட்டால் தூங்குகிறவன் எழுவான், எழுந்தவன் பாடுவான், பாடவே தெரியாதவனும் பாடுவான். அதற்கு நானே சாட்சி!

அந்த அத்தைக்குச் சர்க்கரை நோய் முற்றியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் என்ன கேட்டார் தெரியுமா? மிஷினை எப்படி மிதிப்பேன் என்றா? இல்லை. "மாப்ள, மாடிக்கு எப்படிப் போவேன்?" என்றார்.

நம் வாலிபர்கள் வந்தார்கள். அன்போடுதான் வந்தார்கள். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒருவருக்குக் கை வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது. உடை விலகியது. படியெங்கும் ஆட்கள். அத்தை வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார்: "பீரோவை ஏத்துற மாதிரி ஏத்துனாங்க மாப்ள. இனிமே நான் வரல."

வாரங்கள் போயின. மேலே பாட்டு, கீழே மௌனம். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "தைக்கிற வேலை நிறைய இருக்கு."

ஒரு மாலை போதகர் வந்தார். மேலே பாடகர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

"பாட்டு இங்க கேக்குதாம்மா?"

"கேக்குது ஐயா. வார்த்தைதான் புரியல."

அவர் நேரே போய்க் கமிட்டியைக் கூட்டினார். "இந்த ஞாயிறு ஆராதனை கீழே, வண்டி நிறுத்துற இடத்துல" என்றார்.

செயலாளர் கொதித்துப் போனார். சபையில் கீபோர்டு வாசிப்பவரும் அவரே. "ஐயா, மேல புதுசா டைல்ஸ் போட்டிருக்கோம், ஏசி போட்டிருக்கோம். ஒரு ஆளுக்காக இத்தனை பேரும் பெட்ரோல் நாத்தத்துல உக்காரணுமா? நாங்கதான் தூக்கிட்டு வர்றோம்னு சொல்றோமே!"

"தூக்குனது தப்பில்ல தம்பி. ஆனா அவங்களுக்கு வலிச்சுது. கடவுள் மேலேயே உக்காந்துக்கிட்டு நம்மளை ஏறி வரச் சொல்லல. அவரே இறங்கி வந்தாரு. மாட்டுத் தொழுவத்துல பொறந்தப்போ மூக்கைப் பொத்திக்கல."

"அப்போ நீங்க இறங்குங்க ஐயா. கீபோர்டு இறங்காது."

கேட்டீர்களா! சபை இரண்டாகப் பிளந்துவிடுமோ என்று நாங்கள் பதறினோம். இந்தப் போதகர் பதறினாரா? துடைப்பத்தை எடுத்தார். நாம் இப்போது அமர்ந்திருக்கிறோமே, இதே தரையில் எண்ணெய்க் கறையைத் தேய்த்தார்.

ஞாயிறு வந்தது. அத்தையை அழைக்கப் போன என்னை அவரே தடுத்தார். "அவங்க கதவை அவங்களே திறக்கட்டும்" என்றார். கீபோர்டு இல்லை, எடுத்துக் கொடுக்க ஆளில்லை. வேறு வழியின்றிப் போதகரே பாடத் தொடங்கினார். ஐயா மன்னிக்க வேண்டும்: சுருதி ஒரு தெருவில் போனது, நீங்கள் ஒரு தெருவில் போனீர்கள்!

கதவு திறந்தது. சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார் அத்தை. "ஐயா, பாட்டைக் கொல்லாதீங்க. என்கிட்ட விடுங்க!"

எடுத்தாரே ஒரு குரல்! தூண் அதிர்ந்தது, தெரு திரும்பியது, மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. சற்று நேரத்தில் படிகளில் தடதடவென்று சத்தம். தோளில் கீபோர்டு, முகமெல்லாம் வியர்வை, மூச்சிரைக்க வந்து நின்றார் செயலாளர்.

"அக்கா, எந்தச் சுருதி?"

"எனக்கு வர்ற சுருதி. நீ பிடிச்சுக்கோ!"

பிடித்துக்கொண்டார் ஐயா, பிடித்துக்கொண்டார்! அன்று வாசலில் வந்து நின்றவர்கள் யார்? மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளி. இரவுக் காவல் முடித்துத் திரும்பிய காவலாளி. கைக்குழந்தையோடு ஒரு தாய். இத்தனை ஆண்டுகள் நம் பாட்டைக் கேட்டும் படியேறாதவர்கள்! அவர்களா நம்மைத் தேடி வந்தார்கள்? நாம் அல்லவா அவர்கள் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம்! அன்றிலிருந்து நாம் மேலே போகவே இல்லை. போக வேண்டுமா? (வேண்டாம் என்கிறீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள், செயலாளருக்குக் கேட்கட்டும்!)

போதகர் ஐயா, ஒருவருக்காக எங்கள் எல்லாரையும் இறக்கினீர்கள். அந்த ஒருவர் எங்கள் எல்லாரையும் பாட வைத்தார். உங்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. பொறுமையாகக் கேட்ட அவைக்கும் நன்றி. அதோ, சாலையோரம் தயங்கி நிற்கும் நண்பர்களே, உங்களுக்கும் என் வணக்கம். உள்ளே வாருங்கள். நாற்காலி காலியாக இருக்கிறது.