டீபாயில் விழுந்த வட்டம்

— இந்தா பாரு தனுஷ்கோடி, இந்த அறைக்குள்ள இருக்கது மூணே பேரு. மருதுபாண்டி நான். என் சம்சாரம் உமையாள். பாம்பன்லருந்து பாலீஷ் போட வந்த நீ. மக ராமலெட்சுமி வளையல் வாங்கக் கமுதிக்குப் போயிருக்கு. நாலாவது காது கெடையாது. இப்பச் சொல்லு, மெல்லமாச் சொல்லு. என்னமோ சொன்னியே?

— இந்த டீபாய் தேக்கு இல்லன்னேன் அய்யா.

— மெல்ல!

— மேல இருக்க தோலு தேக்குத்தேன். கடுதாசி கனத்துக்குச் சீவி ஒட்டிருக்கான். உள்ள பூராம் பிளைவுட்டு. அதேன் மழை ஒழுகுன எடத்துல தோலு பிரிஞ்சு, பூரியாட்டம் உப்பி நிக்கிது.

— கடைக்காரன் தேக்குன்னு சொல்லித்தானே குடுத்தான்?

— அவன் பொய் சொல்லலங்கய்யா. பாதியில நிறுத்திக்கிட்டான்.

— நான் அன்னைக்கே சொன்னேன். வண்டிக்காரன் ஒத்தக் கையில தூக்கிட்டு வாரானே, தேக்குன்னா இடுப்பு ஒடிஞ்சிருக்குமேன்னு. ஏங்க, சொன்னேனா இல்லையா?

— உமையா, நீ செத்த சும்மா இரு. ஏலே, காலையில மாப்பிள்ளை வீட்டாளுக தட்டு மாத்த வாராக. மருதுபாண்டி வீட்டுல தேக்கு டீபாய் மேலதேன் தாம்பாளம் இருக்கணும். ஆகுமா, ஆகாதா?

— ஆகும். மரத்துல வரி ஓடுற வாக்குல பிளேடால ஒரு கீறு கீறி, ஊசியில பசையை உள்ள ஏத்தி, துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால அமுக்குனா படிஞ்சிரும். காயிற வரைக்கும் மேல கனமா எதையாச்சும் ஏத்தி வைக்கணும்.

— அம்மிக்கல்லு இருக்குப்பா. பத்தலேன்னா இவுகளை உக்கார வச்சிருவோம். இவுக வீம்பே தனியா ஒரு கனம் இருக்கும்.

— ஏ!

— கோவிச்சுக்கிறாதீக அய்யா. உப்பல் மழை பண்ணுன வேலை. அது சரியாப் போயிரும். நடுவுல வெள்ளையா ஒரு வட்டம் கெடக்கே, இது மழை பண்ணல. இது ஆளு பண்ணுனது.

— என்ன வட்டம்?

— கொதிக்கக் கொதிக்க டம்ளரை வச்ச தடம். ஆவி பாலீஷுக்குள்ள பூந்துக்கிட்டு வெளிய வர வழி தெரியாம நிக்கிது. வெள்ளையா இருக்கதால மேலாப்லதேன் இருக்கு. கறுத்திருந்தா மரத்துக்குள்ளயே எறங்கியிருக்கும். ஸ்பிரிட்டுத் துணியால ஒரு தடவு தடவுனா போயிரும். தடவட்டா?

— பொறு. நான் அடுப்படியிலயே நின்னு காபியக் குடிச்சிட்டு வந்துருவேன். இந்த அறையில டம்ளர் வைக்கிறது விருந்தாளிக்கு மட்டுந்தேன். உமையா, யாரு வந்தா?

— யாரும் வரல.

— டம்ளரு தானா நடந்து வந்து ஏறி உக்காந்துச்சா?

— தனுஷ்கோடி, நீ தடவுப்பா.

— தடவாதே!

— ரெண்டு பேரும் பேசி ஒரு கரைக்கு வாங்க. துணியில ஸ்பிரிட்டு பறந்துக்கிட்டு இருக்கு.

— எங்க அண்ணன் வந்தாக. போதுமா?

— உன் அண்ணனா? இந்த வீட்டுக்கா? எப்ப?

— போன வாரம். நீங்க உரம் வாங்கக் கமுதிக்குப் போன அன்னைக்கு. தாய்மாமன் பக்கத்துல இல்லாமத் தட்டு மாத்துனா ஊரு காறித் துப்பாதான்னு கேக்க வந்தாக.

— நான் கேக்கக் கூடாதும்மா. இருந்தாலும் கேக்குறேன். தாய்மாமன் வாரதுக்கு யாரு என்ன சொல்லப் போறாக?

— அதையேன் கேக்குற! எங்க அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப இவுகளை ரெண்டாம் பந்தியில உக்கார வச்சுட்டாகளாம்.

— 'வச்சுட்டாகளாம்' இல்ல. வச்சான். மொதப் பந்தி கை கழுவி எந்திரிக்கிற வரைக்கும் மருதுபாண்டி நின்னேன். ஒரு கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்! அப்பவே சொல்லிட்டேன், இனி உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு.

— எங்க அண்ணன் விடுவாகளா? உங்க வீட்டுல நானும் பச்சத்தண்ணி தொட மாட்டேன்னாக. அப்ப ராமலெட்சுமி தத்தித் தத்தி நடந்த புள்ள. இன்னைக்குக் கல்யாணப் பொண்ணு.

— என் மக காரியத்துக்கு அவனைக் கூப்பிடணும்னா, மொத அவன் இந்த வீட்டுல கை நனைக்கட்டும். இதைப் பங்காளிக முன்னாடியே சொல்லிருக்கேன்.

— அதேன் நனைச்சுட்டாகளே! வட்டம் கண்ணுக்குத் தெரியலையா? இப்பக் கூப்பிடுங்க.

— இரு, இரு. ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும். அவனாக் கேட்டானா, நீயாக் குடுத்தியா?

— எப்படிக் குடிச்சாலும் காபி காபிதானே?

— காபியா இங்க பேச்சு? அவன் கேட்டு வாங்கிக் குடிச்சிருந்தா, அவன் எறங்கி வந்துட்டான்னு அர்த்தம். நீயா ஊத்திக் குடுத்திருந்தா, மருதுபாண்டி வீடு கெஞ்சுச்சுன்னு அர்த்தம்.

— கேட்டாகன்னுதேன் வச்சுக்கங்களேன்.

— வச்சுக்கிறதாவது! கேட்டானா, இல்லையா?

— 'தொண்டை காயுது தங்கச்சி'ன்னாக.

— கேட்டுட்டான்! அது கேட்டதுதேன்! ஏலே தனுஷ்கோடி, கேட்டியா, அவன் கேட்டுட்டான்!

— எனக்குந்தேன் தொண்டை காயுது அய்யா.

— உமையா, இவனுக்கு ஒரு காபி போட்டுக் குடு. ஏலே, உப்பலை அமுக்கு. பாலீஷ் போடு. மூஞ்சி தெரியணும். வட்டத்தை மட்டும் தொடாதே.

— நல்லாருக்கே! சம்பந்தகாரவுக பாக்கையில கறையோடவா கெடக்கும்?

— கறையில்லடி, சாட்சி! நாளைக்கு உன் அண்ணன் நான் குடிக்கவே இல்லேன்னு சொன்னான்னா, வெரலை வச்சுக் காட்டுவேன். மொத எறங்கி வந்தவன் அவன். மருதுபாண்டி இல்ல.

— அதிசயந்தேன். ஆடியில உப்பூர்ல ஒரு வீட்டுக்குப் பாலீஷ் போடப் போயிருந்தேன். அவுகளும் இதே பேச்சுத்தேன். டீபாய் பூராம் பளபளன்னு இருக்கணும், வட்டத்தை மட்டும் தொடாதேன்னாக.

— உப்பூர்லயா? யாரு வீட்டுல?

— குருநாதன்னு, ரோட்டு மேல மாடி வீடு. அவுக டீபாயும் இதே சரக்குத்தேன். அவுகளும் தேக்குன்னுதேன் நெனச்சுக்கிட்டு இருந்தாக. அங்கனயும் மெல்லமாத்தேன் சொல்லிட்டு வந்தேன்.

— அய்யோ, அந்தக் குருநாதன்தேன் எங்க அண்ணன்!

— ஆத்தாடி. பாக்காம வலைய வீசிட்டேன் போலிருக்கே.

— உமையா, காபி என்னாச்சு? போ, அடுப்பைப் பாரு.

— அடுப்பு கெடக்கட்டும். தனுஷ்கோடி, அங்கன டம்ளரை வச்சது யாராம்?

— பேரைச் சொல்லலம்மா. மகளுக்கு நல்ல எடம் அமையணும்னு உப்பூர்ப் பிள்ளையாரைக் கும்பிட வந்த பெரிய மனுசனாம். மீசைய முறுக்கிக்கிட்டே வாசல்ல ரொம்ப நேரம் நின்னாகளாம்.

— ஆடியில உப்பூர்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு வந்து, பசியில்ல, சோறு வேணாம்னு படுத்தது யாருங்க? என்னையப் பாருங்க. சொவத்தை என்னத்துக்குப் பாக்குறீக?

— சொவத்துலயும் ஒழுக்கு இருக்கு. அதைப் பாத்தேன்.

— எங்க அண்ணன் இங்கன வந்தது போன வாரம். அந்த வட்டம் விழுந்தது ஆடியில. அப்ப மொத எறங்குனது யாரு?

— உப்பூர்ப் பிள்ளையாரை ஊருப்பட்ட சனம் கும்பிடுது. மீசை என் ஒருத்தனுக்குத்தேன் இருக்கா?

— சரி. நான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போறேன். காலையில வெள்ளனா வந்துருங்க அண்ணே, உங்களுக்கு மொதப் பந்தின்னு சொல்லப் போறேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்க.

— நான் ஒண்ணுஞ் சொல்லல.

— அம்மா, அப்படியே அங்கன கெடக்க வட்டத்தை அழிச்சிரச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க அண்ணன் அதைப் போறவுக வாரவுகளுக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருக்காக. இப்ப உப்பூர் பூராம் பேச்சு. அந்தப் பெரிய மனுசன், காபி இருக்கா காபி இருக்கான்னு தானாக் கேட்டு வாங்கிக் குடிச்சாகளாம்.

— பொய். நான் கேக்கல. அவன்தேன் குடுத்தான்.