முழங்கால் உயர நிலைப்படிகள்

அவைத் தலைவர் அவர்களே, உழவர் சங்கப் பெரியோர்களே, பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவில் என்னோடு பணியாற்றும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அக்காவே! அனைவரையும் வணங்குகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் மறைந்த சங்கத் தலைவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள். என்னால் அது முடியாது. அவர் என் அக்காவின் கணவர். தெய்வமாக்கும் அளவுக்கு எட்ட நின்று நான் அவரைப் பார்த்ததில்லை.

நல்லவரா? நல்லவர். உழைப்பாளியா? பொழுது விடிந்தபின் அவர் படுத்திருந்ததை யாரும் கண்டதில்லை. வெள்ளம் வந்த ஆண்டில் கீழ்த்தெருக் குடும்பங்கள் அத்தனைக்கும் தம் கூடத்தில் இடம் கொடுத்து, விதைக்கு வைத்திருந்த தானியத்தையே உலையில் போடச் சொன்னவர். அத்தகைய மனிதர் இனி எங்கே! ஆனால் தம் வீட்டுக்காக அவர் எதை இழந்தார் என்பதை மட்டும் இங்கு ஒருவரும் சொல்லவில்லை.

கட்டடக்கலை கற்பித்தவள் என்ற உரிமையில் அந்த வீட்டின் கதையைச் சொல்கிறேன். அவருடைய முப்பாட்டனார் முதலில் கட்டியது வீடல்ல, களஞ்சியம். தானியம் உள்ளே, குடும்பம் மரத்தடியில்! கொட்டிய தானியம் வாசல் வழியே சரிந்துவிடாதிருக்க, கதவு நிலையின் அடிக்கட்டையை முழங்கால் உயரத்தில் வைத்தார். அறிவாளி! அவர் மகன் களஞ்சியத்தை ஒட்டிக் கூடம் கட்டினார். அதற்கும் முழங்கால் உயர நிலைப்படி. பேரன் அடுக்களை கட்டினார், அதற்கும். பிறகு வந்த படுக்கையறைகள், தொழுவத்துக்குப் போகும் நடை, எல்லாவற்றுக்கும்! படுக்கையறையிலிருந்து எந்தத் தானியம் சரியப்போகிறது? ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் அந்தக் குடும்பத்தில் மரபு என்று பெயர்.

என் அக்கா கேட்டாள். மூட்டுவலி தொடங்கியபோது கேட்டாள்.

"அடுக்களைக்கும் படுக்கைக்கும் நடுவுல இருக்கிற மூணை மட்டுமாவது அறுத்துடுங்களேன்."

"இந்தப் படிதான் அன்னைக்கு வெள்ளத்தைத் தடுத்துச்சு. தெரியும்ல?"

"வெள்ளம் வெளிவாசல் வழியாத்தானே வரும்? நம்ம கட்டிலுக்கு அடியில இருந்தா கிளம்பும்?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். படி அப்படியே இருந்தது.

பிறகு ஒரு நாள், அவர் குளிக்க வெந்நீர் எடுத்துப் போனவள் நிலைப்படியில் கால் தடுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து நேரே மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே தரை சமம். "படி போனா வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். சண்டை என்று எண்ணாதீர்கள். வாரம் தவறாமல் பேருந்து ஏறிப் போய்ப் பார்ப்பார். இவர் தோட்டத்துக் காய்களைக் கொடுப்பார். அவள் இவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். பொழுது சாய்ந்தால் திரும்பிவிடுவார். கட்டிய மனைவியை முதுமையில் விருந்தாளிபோல் போய்ப் பார்த்தாரே, இதற்கா நான்கு தலைமுறை வீடு?

இந்த ஆண்டுதான் மனம் இளகியது. என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏம்மா புரொபசரு, அடிக்கட்டையை அறுத்தா நிலை விரிஞ்சுக்காதா?"

"தரைமட்டத்துல ஒரு இரும்புப் பட்டையை இறக்கினா போதும் அத்தான். உங்க பிடிவாதம் மாதிரி அசையாம நிக்கும்."

உரக்கச் சிரித்தார். தச்சரை வரவழைத்தார். தச்சரும் ரம்பத்தோடு வந்து நின்றார். "அறுவடை முடியட்டும்ப்பா" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். அறுவடை முடிவதற்குள் வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

இப்போது நம் குழு ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறது. அன்னார் நினைவாக அந்த வீட்டில் ஓர் ஆணியைக்கூட யாரும் மாற்றக் கூடாதாம். நான் அதை எதிர்க்கிறேன். பழைய கட்டடங்களுக்காகவே அமைச்சர்களோடு மல்லுக்கட்டியவள் நான். களஞ்சியத்தின் நிலைப்படியை எவராவது தொட்டால் குறுக்கே படுத்துக்கொள்வேன். அதற்கு அங்கே வேலை இருக்கிறது. மற்றவை வெறும் நகல்கள். நகல்களைக் காப்பாற்றிவிட்டு, அந்த வீட்டில் வாழ வேண்டியவளை வெளியே நிறுத்துவதா நினைவஞ்சலி?

அவருடைய சங்கத்தை நீங்கள் நடத்துங்கள். வாய்க்கால்களை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள். அவர் தள்ளிப்போட்ட வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நாளைக் காலையில் தச்சர் வருகிறார். அதன்பின் அக்கா வீட்டுக்கு வருகிறாள்.

எத்தனை நாள் வேலை என்று நேற்று அவளை வைத்துக்கொண்டே தச்சரிடம் கேட்டேன்.

"நாளா? காலையில ஆரம்பிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மூணும் முடிஞ்சிடும்மா" என்றார்.



"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.