வாத்துக்கு வந்த பேர்

பூவம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு வாத்தியார்கள், மடியில் விடைத்தாள் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்கிலீஷ்ல 'டக்'குன்னா குனியறதுன்னும் அர்த்தம் இருக்குங்க," என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

"வாத்து இல்லீங்களா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு பொண்ணு பரீட்சையில 'குனி'ன்னு எழுதியிருந்துச்சு. அடிச்சு, மணி அடிக்கிற வரைக்கும் முட்டி போட வச்சேன். நேத்து டிக்‌ஷனரியைப் பாத்தா, அதுவும் சரிதானாம். குனிஞ்சு தண்ணியில தலையை முக்குறதாலதான் வாத்துக்கே அந்தப் பேரு."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

 அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பின்னாடிதாங்க நிக்குது. கோட்டுச்சேரியில அது ஏறுனப்ப, செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுகிட்டேன்."