கைப்பிடியில் சுவிட்ச் வைத்த ஹீட்டர்

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு அடியில் குடம் நேராக நிற்காது. அதைச் சொல்லித் தொடங்கினால்தான் மற்றது உங்களுக்குச் சரியாகப் புரியும், ஐயா. குழாயைச் சுவரை ஒட்டிப் பொருத்திவிட்டார்கள். குடத்தின் வயிறு சுவரில் இடிக்கும். சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் முழுக்குடம் நிறையாது. என் தம்பி மனைவி தெய்வாத்தாள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கையால் குடத்தைச் சாய்த்துப் பிடித்து, மிச்சத்தைச் சொம்பில் பிடித்து ஊற்றித்தான் நிரப்புவாள். குழாயை மாற்றச் சொல்லக் கூடாதா அம்மணி என்று ஒரு நாள் கேட்டேன். “பழகிப்போச்சுங்க மாமா” என்றாள்.

பழகிப்போச்சு என்ற பேச்சை என்னால் சகித்துக்கொள்ள முடிந்ததே இல்லை. கடையில் வாங்குகிற ஸ்க்ரூடிரைவரில் சில மாதத்தில் கைப்பிடி மட்டும் தனியாகச் சுற்றும், கம்பி அசையாது. அதில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். தாழ்ப்பாளோடு கொடுக்கிற திருகாணியின் தலை ஒரே திருகில் மழுங்கிவிடும். சுத்தியலால் அடித்து இறக்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் குளியலறைக் கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது. உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று பாடிக்கொண்டே குளிப்பார்கள். செய்தவன் விட்ட குறையை வாங்கியவர்கள் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். எனக்கு அது சில சமயம் சிரிப்பாக இருக்கும், பெரும்பாலும் எரிச்சலாக இருக்கும்.

என் பெயர் திருமூர்த்தி. உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. அப்பா காலத்தோடு அது கைமாறிப் போனது. நான் கோயமுத்தூருக்கு வந்து ஒரு மோட்டார் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பகுதியில் வேலை பார்த்தேன். என் மேசைக்கு வருகிற பொருளில் குறை இருந்தால் சிவப்புப் பெயிண்ட் வைப்பேன். அது வைத்தது வைத்ததுதான். முதலாளியே வந்து கேட்டாலும் எடுத்ததில்லை. அந்தக் கம்பெனியை மூடிய பிறகு தம்பி நஞ்சுண்டன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டான். எனக்குக் குடும்பம் இல்லை, அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. கணபதியில் அவனுக்கு ஒரு பட்டறை. வீடு அதன் பின்பக்கம். சாப்பாட்டுக்கோ மரியாதைக்கோ அவன் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

பட்டறையில் செய்தது வாட்டர் ஹீட்டர். அண்டாவுக்குள் போட்டுத் தண்ணீரைச் சுடவைக்கிற அந்த வளைந்த குழாயை எல்லார் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். நஞ்சுண்டன் அதில் ஒரு புதுமை செய்தான். கைப்பிடியிலேயே ஒரு சுவிட்ச் வைத்தான், பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு வைத்தான். நம் ஊர்ப்பக்க வீடுகளில் குளியலறை கொல்லையில் இருக்கும், பிளக் செருகுகிற இடம் சமையலறையில் இருக்கும். ஈரக்காலோடு அங்கே ஓடாமல், நின்ற இடத்திலேயே அணைத்துக்கொள்ளலாம். விளக்கு அணைந்தால் கரண்ட் இல்லை, கை வைக்கலாம். பெண்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

குறை எங்கே என்றால், அந்தச் சுவிட்ச் இரண்டு கம்பிகளில் ஒன்றைத்தான் துண்டிக்கும். பிளக்கிலும் இரண்டே பின். அதை எப்படி வேண்டுமானாலும் செருகலாம். ஒரு பக்கமாகச் செருகினால், சுவிட்சை அணைத்ததும் கரண்ட் வருவது நின்றுபோகும். புரட்டிச் செருகினால், விளக்கு அணையும், சூடும் நிற்கும், ஆனால் கரண்ட் குழாய்க்குள் வந்து நின்றுகொண்டே இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஹீட்டர் புதிதாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கொஞ்ச காலம் ஓடிய பிறகு குழாயின் வாயில் வைத்த அடைப்பு விரிசல் விடும், ஈரம் உள்ளே இறங்கும். அப்புறம் குழாயில் இருப்பது தண்ணீருக்கும் வரும்.

நஞ்சுண்டனிடம் சொன்னேன். மூன்று பின் வைத்த பிளக் போட்டால் ஒரே பக்கமாகத்தான் போகும், யாரும் புரட்ட முடியாது என்றேன்.

“பாதி ஊட்டுல ரெண்டு ஓட்டைதானுங்ணா இருக்குது. நாம மூணு பின்னு போட்டா அவிக ஒண்ணை ஒடிச்சுப்போட்டுச் சொருகிக்குவாங்க” என்றான்.

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் வீட்டில் ஓடியது, விற்பனைக்குப் போய், அடைப்பு விரிசல் விட்டுத் திரும்பி வந்த ஹீட்டர். தம்பி வீட்டுக்கு எப்போதும் திரும்பி வந்த மால்தான் வரும். நான் அதை டெஸ்டர் வைத்துப் பார்த்து, பிளக்கின் ஒரு பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் பொட்டு வைத்தேன். பொட்டு மேலே பார்த்தமாதிரிதான் செருக வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். நஞ்சுண்டன் சிரித்தான். தெய்வாத்தாள் சிரிக்கவில்லை. “மறக்க மாட்டனுங்க மாமா” என்றாள், மறக்கவும் இல்லை. செருகும்போது ஒரு தரம் குனிந்து பார்ப்பாள். அந்த வீட்டில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டு நடந்த ஆள் அவள் ஒருத்திதான்.

பிறகு பட்டறையிலிருந்து போகிற எல்லாப் பிளக்கிலும் பொட்டு வைத்தேன். “பெரியவரு பொட்டு வெச்சுப் பூ வெச்சு அனுப்பறாருங்க, கண்ணாலத்துக்குப் போகுதாட்டம்” என்று ஆட்கள் கேலி பேசினார்கள். கேலி எனக்குப் பெரிதில்லை. ஆனால் கடைக்காரர்கள் இது என்ன அடையாளம், கழிச்சுக் கட்டின சரக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். நஞ்சுண்டன் ஒரு நாள் காலையில், எல்லாரும் நின்றிருக்கும்போது, “அண்ணா, நீங்க இனிமே பேக்கிங்கைப் பாத்துக்குங்ணா” என்றான். அதுவரை நான் பார்த்த டெஸ்டிங் மேசையில், பட்டறை ஆள் பிரான்சிஸ் உட்கார்ந்தார். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. பிரான்சிஸ் ஒழுங்கான வேலைக்காரர், சொன்னதைச் சரியாகச் செய்தார். எல்லா விளக்கும் எரிந்தது.

நான் சண்டை போடவில்லை. அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். அன்று மதியம் தெய்வாத்தாள் போட்ட சோறு எனக்கு இறங்கவில்லை. அவமானம் என்றால் அதுதான் என்று நினைக்கிறேன். தட்டைப் பார்த்துவிட்டு அவள், “அவரு கெடக்கறாருங்க மாமா, நான் பொட்டுப் பாத்துத்தானுங்க சொருகறேன்” என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது போதவில்லை.

ஐப்பசியில் வால்பாறையிலிருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் குளிர் இறங்குமுன் ஹீட்டர் வேண்டும், ஒரு வேன் நிறைய வேண்டும் என்றார். நான் பெட்டி கட்டிக்கொண்டே அந்த வரிசை வீடுகளை நினைத்துப் பார்த்தேன். காலையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் அவசரத்தில் எந்தப் பக்கம் செருகுவார்கள் என்று யார் நின்று பார்க்கப்போகிறார்கள்? நஞ்சுண்டனிடம் இன்னொரு தரம் போனேன். அவன் எரிந்து விழவில்லை, பொறுமையாகத்தான் பேசினான்.

“ஏனுங்ணா, இத்தனை வருசத்துல ஒருத்தருக்காச்சும் என்னமாச்சும் ஆயிருக்குதுங்களா? ஆகட்டும். அப்பப் பாத்துக்கலாம்.”

ஆகட்டும் என்றான். நான் அதை ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வேலையில் அப்படித்தான். இந்தப் பரிசோதனையில் தவறினால் சரக்கை நிறுத்துவோம் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டுதான் பொருளைச் சோதிப்போம்.

சனிக்கிழமை நஞ்சுண்டன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பான். காலையில் தெய்வாத்தாள் அரப்பு கரைத்துக்கொண்டிருந்தாள். ஹீட்டரை நானே போட்டுவிடுகிறேன் அம்மணி என்றேன். ஒயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, எதிரே குளியலறையில் இருந்த அண்டாவுக்குள் ஹீட்டரைத் தொங்கவிட்டேன். சமையலறைக்கு வந்து பிளக்கைச் செருகினேன். பொட்டு கீழே பார்த்தபடி செருகினேன். நான் செய்தது அவ்வளவுதான். ஒரு பொருளை உடைக்கவில்லை, ஒரு கம்பியை அறுக்கவில்லை. கடையில் வாங்கிப்போகிற யாரும் எந்த நாளும் செய்யக்கூடியதைச் செய்தேன். தம்பி கை வைப்பான், சுரீர் என்று ஒன்று வாங்குவான், வேன் நின்றுவிடும் என்பது என் கணக்கு.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. அரப்புக் கிண்ணம் விழுந்த சத்தம்தான் கேட்டது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். நஞ்சுண்டன் தலையிலிருந்து எண்ணெய் வடிய ஓடிவந்து தெய்வாத்தாளைத் தூக்கினான். ஆட்டோவில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் இறக்கும்போதே முடிந்துபோயிருந்தது. நான் அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

நான் இன்று இங்கே வந்தது அதற்காக அல்ல. உங்கள் ரைட்டர் அன்று, ஹீட்டரை அணைக்காமல் அஜாக்கிரதையாகத் தண்ணீரில் கை வைத்ததால் மரணம் என்று எழுதினார். துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே பேசினார்கள். “மறந்துபோட்டாளாட்டம் இருக்குதுங்க” என்று நஞ்சுண்டனே சொன்னான். காரியம் முடிந்த மறுநாள் வேன் வந்தது. பிரான்சிஸ் பெட்டிகளை ஏற்றினார். விளக்கு எரிந்ததுதானே என்று அவரிடம் கேட்டேன். எல்லாத்துலயும் எரிஞ்சுதுங்க என்றார். வேன் பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்துப் போய்விட்டது. ஒரு குறையைக் கண்ணெதிரே காட்டிய பிறகும் அதைச் செத்தவள் தலையில் எழுதிவிட்டுச் சரக்கை அனுப்புகிறார்கள் என்றால், நான் எப்படிச் சும்மா இருப்பது?

இப்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். உங்கள் தம்பி என்றைக்காவது தானே தண்ணீர் விளாவிக்கொண்டதுண்டா என்று. கேட்க வேண்டிய கேள்விதான். இல்லை, ஐயா. எங்கள் வீடுகளில் எண்ணெய் தேய்த்த ஆம்பளை பலகையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சுடுதண்ணீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, கையை விட்டுக் கலக்கி, சூடு பதமாக இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரி. விளாவியாச்சுங்க, வாங்க என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் அவன் எழுந்திருப்பான். நான் அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. அது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை என்று சொல்லத்தான் வந்தேன். ஸ்டேஷன் வாசல்வரைக்கும் அதை நானே நம்பிக்கொண்டுதான் வந்தேன்.

நஞ்சுண்டன் பட்டறையில் வாரத்துக்கு ஒரு ஷாக்காவது வாங்குகிற ஆள். கையை உதறிவிட்டு டீ கேட்பான். அவனுக்குப் பட்டிருந்தால் வேன் நின்றிருக்காது. அது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை படுக்கும்போதே தெரிந்திருந்தது. அவளுக்குப் பட்டால்தான் நிற்கும் என்றும் தெரிந்திருந்தது. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, ஐயா. அவள் அண்டாப் பக்கத்தில் இருந்தாள்.

அவள் மறக்கவில்லை. கைப்பிடியில் சுவிட்சை அணைத்தாள், விளக்கு அணைவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீரில் கை வைக்குமுன் நின்று, ஜன்னல் பக்கம் திரும்பினாள். அன்றைக்குச் செருகியது அவள் இல்லையே.

“ஏனுங்க மாமா, பொட்டு மேல பாத்துத்தானுங்களே இருக்குது?”

“மேலதான் இருக்குது கண்ணு” என்றேன்.

அஜாக்கிரதை என்பதை அடித்துவிடுங்கள். அவள் என்னைக் கேட்டுக்கொண்டுதான் கை வைத்தாள். காரணம் என்கிற இடத்தில் ஹீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.